புதுமொழி கட்டுவோரின் வினைச்சிக்கல்: கேள்வி பதில்

உவர்மலையிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, நான் கட்டுற மொழியில செய்வினை, செயப்பாட்டுவினை தவிர வேறு என்ன வைக்கலாம்?

லொஜ்பான் என்ற கட்டிய மொழியைப் பாருங்கோ தம்பி. அதில் ‘கிளாமா’ என்ற ஒரு சொல்லுக்கே ஐந்து இடங்கள்: போறவர், சேருமிடம், புறப்பட்ட இடம், வழி, வாகனம். திருகோணமலையிலிருந்து ஹபரணை வழியாகக் கொழும்புக்கு பஸ்ஸில் போனால், அந்தப் பயணம் முழுக்க இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். முன்னால் ‘செ’ போட்டால் கொழும்பு முதலிடத்துக்கு வரும், போறவர் கொழும்பு இருந்த இரண்டாமிடத்துக்கு மாறுவார். ‘தெ’ போட்டால் திருகோணமலை, ‘வெ’ போட்டால் ஹபரணை. பஸ்ஸுக்கும் இப்படி ஒரு சிறுசொல் உண்டு. யாரும் தொலைவதில்லை, இடம்தான் மாறுது. ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் செய்வினை-செயப்பாட்டுவினை அட்டவணையை மட்டும் நகலெடுக்காதீங்கோ.

கிண்ணியா, தங்கச்சி ஒருவர்: தன்வினை, பிறவினை வைக்கலாமா?

கட்டாயம். உருண்டது, உருட்டினான் என்று நாங்கள் வேரையே வன்மையாக்குறோம். எஸ்பெராண்டோ என்ற கட்டிய மொழி சொல்லோடு ஒட்டுப் போடும்: ‘போலி’ தானாகக் கொதிக்கிறது, ‘போலிகி’ கொதிக்க வைக்கிறது. ‘ருலி’ உருட்டுகிறது, ‘ருலிஜி’ உருள்கிறது. இரண்டு திசையிலும் போகலாம் என்பதுதான் அதன் அழகு.

மூதூர்: ஸ்டார் ட்ரெக் படங்களுக்காகக் கட்டின கிளிங்கொன் மொழியில செயப்பாட்டுவினை இருக்கா?

இல்லை. ‘லு’ என்ற ஒட்டு, செய்தவர் யாரெனச் சொல்லாமல் விடும். அந்த மொழியைக் கட்டிய மார்க் ஓக்ராண்டின் 1985 அகராதி பாருங்கோ.

நிலாவெளி: புது எழுத்து எப்படி உருவாக்குவது?

என் துறை இல்லை. எழுத்து வரைபவர்களைக் கேளுங்கோ.

தம்பலகாமம்: செயப்பாட்டுவினையை எப்படி உருவாக்குவது?

முதல் கேள்வியின் பதிலை வாசியுங்கோ. அட்டவணை வேண்டாம் என்றதையும் சேர்த்து.

உப்புவெளி: எஸ்பெராண்டோவை நல்ல மாதிரி என்கிறீங்கள். ‘1930இல் கட்டப்பட்ட வீடு’ என்று சொல்ல ‘அத’ ஒட்டா ‘இத’ ஒட்டா என்றே அவர்களுக்குள் சண்டையாச்சே?

சரியான இடத்தில் கை வைச்சீங்கள். வேலை அந்தக் காலத்திலேயே நடந்தது, அதனால் ‘அத’ என்றது ஒரு பக்கம். அவர்களுக்கு ஒட்டு காலத்தைக் காட்டியது. மறுபக்கம், வேலை முடிந்ததா என்பதைத்தான் ஒட்டு காட்டுது, அதனால் ‘இத’ என்றது. 1967இல் எஸ்பெராண்டோ அகாதமி ‘இத’வின் பக்கம் நின்றது.

உவர்மலைத் தம்பி: அப்ப ‘அத’ பிழையா?

பிழையில்லை தம்பி. வேலை இன்னும் நடக்குது என்றால் ‘அத’தான்.

உப்புவெளி: அகாதமி சொன்னால் போதுமா? ஒரே ஒட்டில காலமும் முடிவும் கலந்ததுதானே குறை?

அந்தக் குறை உண்மை, அகாதமி அதை நீக்கவில்லை. அதனால்தான் சொல்றேன்: உங்கள் மொழியில் காலத்துக்கு ஓர் ஒட்டு, முடிந்ததா என்பதற்கு வேறோர் ஒட்டு வையுங்கோ. ஒன்றையே இரண்டுக்கும் வைக்கிறதென்றால், எது முந்தும் என்பதை முதல் நாளே எழுதி வையுங்கோ.