வளைத்த குழாயின் நீளம் ஸ்கேனுக்கு ஸ்கேன் மாறுவது பற்றி

வளைத்த குழாயை முப்பரிமாண லேசர் ஸ்கேனரால் அளக்கும்போது, அதன் நீளம் ஒவ்வொரு ஸ்கேனிலும் அரை மில்லிமீட்டர் வரை மாறுவதாகக் கேட்டிருக்கிறீர்கள். குழாய் முனையின் விளிம்பிலுள்ள ஸ்கேன் புள்ளிகளைக் கொண்டு நீளத்தை அளக்காதீர்கள். முனையருகே உள்ள நேரான பகுதியின் புள்ளிகளுக்கு மென்பொருளில் பொருத்திய உருளையின் அச்சு, வெட்டுமுகத் தளத்தை (குழாயை அறுத்த முகத்தின் சமதளத்தை)ச் சந்திக்கும் புள்ளியையே முனையாகக் கொள்ள வேண்டும்.

லேசர் கோட்டின் ஒரு பகுதி குழாயின் மீதும் மறுபகுதி வெளியிலும் விழும்போது, கோட்டின் மையத்தைக் கேமரா பிழையாகக் கணிக்கிறது. போதாக்குறைக்கு, புள்ளிகளை இணைத்து மெஷ் (முக்கோண வலைப் பரப்பு) உருவாக்கும் மென்பொருளும் கூரான விளிம்பை மழுக்கிவிடுகிறது. குழாயின் சுவர் மெல்லியதாக இருந்தால், தளம் பொருத்துவதற்குத் தேவையான நல்ல புள்ளிகள் வெட்டுமுகத்தில் கிடைப்பதே அரிது.

அப்படியானால் வெட்டிய விளிம்பிலுள்ள பிசிறை நீக்கிவிட்டு, பளபளப்பற்ற தட்டையான தகடு ஒன்றை முனையோடு அசையாமல் பொருத்தி, இரண்டையும் ஒரே ஸ்கேனில் எடுத்து, தகட்டின் முகத்தையே தளமாகக் கொள்ளுங்கள். உருளையைப் பொருத்தும்போது விளிம்பை ஒட்டிய சில மில்லிமீட்டரையும், குழாய் சற்றே நீள்வட்டமாகிவிடும் வளைவின் தொடக்கத்தையும் விலக்கிவிடுங்கள்.

சரிபார்க்க, அதே விட்டமுள்ள நேரான துண்டு ஒன்றை வெர்னியர் காலிப்பரால் அளந்து, பின்னர் இதே முறையில் பலமுறை ஸ்கேன் செய்யுங்கள். வேறுபாடு ஒரே அளவில் திரும்பத் திரும்ப வந்தால் பிழை முறையில் இருக்கிறது. சிதறி வந்தால், ஸ்கேனின்போது குழாயோ குறிவில்லைகளோ (ஸ்கேனர் இடத்தை அறிய ஒட்டும் வட்ட அடையாளங்கள்) நகர்கின்றனவா என்று பாருங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெட்டு சாய்வாக இருந்து, தகட்டைக் குழாயின் அச்சுக்குச் செங்குத்தாகப் பொருத்தியிருந்தால், தகடு மேடான இடத்தில் மட்டுமே தொடும் என்பதால், நீளம் சற்றுக் கூடுதலாகவே காட்டும்.