விவியன் உட்வர்ட்: சம்பளம் வாங்காமல் ஆடியவர் பற்றிக் கேள்வி பதில்

இங்கிலாந்தின் பழைய கால்பந்து ஆட்டக்காரர் விவியன் உட்வர்ட் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

கேள்வி: யார் இவர்? இப்போதுதான் பெயரையே கேள்விப்படுகிறேன்.

1879ல் லண்டன் கென்னிங்டனில் பிறந்தவர். கட்டட வரைபடம் போடும் ஆர்க்கிடெக்ட் வேலைதான் பிழைப்பு. எஸ்ஸெக்ஸ் பக்கத்தில் கிளாக்டன், செம்ஸ்ஃபோர்டு போன்ற சின்ன அணிகளில் ஆடிப் பழகி, 1901ல் லண்டன் கிளப்பான டாட்டன்ஹாமுக்கு வந்தார். 1908 செப்டம்பரில் டாட்டன்ஹாம் முதன்முதலாக லீக்கில் (இங்கிலாந்து கிளப்புகளின் முக்கியத் தொடர்) ஆடியபோது, அந்த அணியின் முதல் லீக் கோல் இவருடையது. 1909 முதல் 1915 வரை செல்சி. கடைசிவரை அமெச்சூர், அதாவது ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்காதவர்.

அந்தக் காலத்து சென்டர் ஃபார்வர்ட் (முன்வரிசை நடுவில் நின்று கோல் அடிப்பவர்) என்றால் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு போகிறவர்தான். கோல்கீப்பரையே இடிக்கலாம், அப்போது அது விதிக்கு உட்பட்டது. உட்வர்ட் ஒல்லியானவர். பந்தைத் தட்டிக்கொண்டே போய், நல்ல இடத்தில் நிற்பவருக்குத் தள்ளிவிட்டு ஆடினார். இவரை நிறுத்த வழி தெரியாத தடுப்பாட்டக்காரர்கள் காலைத்தான் உதைத்தார்கள்.

கேள்வி: மொத்தம் எத்தனை கோல்? ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள்.

இங்கிலாந்து சீனியர் அணிக்காக 23 ஆட்டம், 29 கோல். 1903ல் அயர்லாந்துக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே இரண்டு. 1911ல் இந்த அணியிலிருந்து ஓய்ந்தார். இங்கிலாந்துக்காக அதிக கோல் அடித்தவர் என்ற இந்தச் சாதனை 1950கள் வரை நின்றது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்துக்கு அப்போது இரண்டு தேசிய அணிகள். சம்பளக்காரர்களும் ஆடும் சீனியர் அணி ஒன்று, 1906 முதல் சம்பளம் வாங்காதவர்கள் மட்டும் ஆடும் அமெச்சூர் அணி ஒன்று. உட்வர்ட் இரண்டிலும் ஆடினார். அமெச்சூர் அணி மோதிய ஆட்டங்களை இங்கிலாந்து சீனியர் கணக்கில் எடுப்பதில்லை. எதிரணிகளோ எடுத்துக்கொள்கின்றன. 1909ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜெர்மனி 9-0 என்று தோற்றது இந்த அமெச்சூர் அணியிடம்தான், ஆனால் ஜெர்மனிக்கு அது முறையான சர்வதேச ஆட்டம். ஒலிம்பிக் ஆட்டங்களும் அப்படியே. எந்தக் கணக்கைப் படித்தாலும், எந்த அணிக்கான கோல் என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: 29ல் பாதி சோப்ளாங்கி அணிகளுக்கு எதிராகத்தானே?

ஏறக்குறைய பாதி, ஆமாம். 1908, 1909 ஐரோப்பியப் பயணங்களில் நிறைய அடித்தார். வியன்னாவில் ஆஸ்திரியாவை 11-1 என்று வென்றபோது நான்கு, புடாபெஸ்டில் 8-2ல் நான்கு. ஆனால் ரெக்ஸ்ஹாமில் வேல்ஸை 7-1 என்று வென்ற ஆட்டத்தில் அடித்த மூன்றையும் மறந்துவிடாதீர்கள். இவருக்கு முன் சாதனை வைத்திருந்த ஸ்டீவ் புளூமரும் 23 ஆட்டம்தான் ஆடினார், 28 கோல். அவர் சம்பளக்காரர். இருவருக்கும் வித்தியாசம் ஒரே ஒரு கோல்.

கேள்வி: ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினாராமே?

இரண்டு. 1908 லண்டன், 1912 ஸ்டாக்ஹோம், இரண்டிலும் கேப்டன். இரண்டு இறுதிப் போட்டியிலும் எதிரணி டென்மார்க்தான். முதலில் 2-0, அடுத்தது 4-2. 1908ல் இரண்டாவது கோல் உட்வர்டுடையது. அன்று தோற்ற டென்மார்க் அணியில் விஞ்ஞானி நீல்ஸ் போரின் தம்பி, கணித மேதை ஹரால்டு போர் ஆடினார்.

கேள்வி: ஒலிம்பிக் கோல்களையும் சேர்த்தால் 29க்கு மேல் வருமே?

சேர்க்கக் கூடாது. மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: இன்றைய நட்சத்திரங்களோடு ஒப்பிட்டால்?

அது என் பாடம் இல்லை. இன்றைய ஆட்டத்தை அலசுகிறவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: சம்பளம் வாங்காததைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். அது வசதி உள்ளவன் பொழுதுபோக்கு. கூலிக்காரன் எப்படிச் சும்மா ஆடுவான்?

பாதி சரி. சுரங்கத்திலும் மில்லிலும் வேலை செய்கிறவன் ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. அதனால்தான் 1885ல் சம்பள ஆட்டத்தை அனுமதித்தார்கள். 1901ல் வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் தரக் கூடாது என்று உச்சவரம்பும் வந்தது. 1907ல் கனவான் கிளப்புகள் பல, தொழில்முறை கிளப்புகளோடு ஒரே சங்கத்தில் இருக்க மாட்டோம் என்று பிரிந்து தனிச் சங்கம் வைத்தன. 1914 வரை அந்தப் பிளவு நீடித்தது. அந்த மனப்போக்கை நான் ஆதரிக்கவில்லை. உட்வர்ட் அதில் சேரவும் இல்லை. சம்பளக்காரர்களோடு ஒரே அணியில், அதே மண்ணில் ஆடினார்.

அதே கேள்வியாளர்: சரி, ஆனால் அவர் ஆடும் இடத்தில் ஒரு தொழிலாளிக்கு வேலை போகுமே?

நீங்கள் கேட்டதால் 1915 எஃப்.ஏ. கப் (இங்கிலாந்து கிளப்புகளின் தோற்றால் வெளியேறும் கோப்பைப் போட்டி) பற்றிச் சொல்கிறேன். முதல் உலகப் போர் தொடங்கிய 1914லேயே உட்வர்ட் ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். செல்சி இறுதிக்கு வந்தது. அதன் சென்டர் ஃபார்வர்ட் பாப் தாம்சனுக்குக் காயம். தாம்சன் ஒரு கண் பார்வை இல்லாமலே முதல் தரக் கால்பந்து ஆடியவர். அவரால் முடியாவிட்டால் உட்வர்ட் ஆடட்டும் என்று லீவு வாங்கினார்கள். தாம்சன் தேறிவிட்டார். ஆனாலும் உட்வர்டையே இறக்கலாம் என்று பேச்சு வந்தது. அவர் மறுத்துவிட்டார். இறுதிவரை அணியைக் கொண்டுவந்தவர் தாம்சன், ஆடவேண்டியவரும் அவர்தான் என்றார். மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் காக்கிச் சட்டை போட்ட ராணுவத்தினர் நிறைந்த கூட்டம். செல்சி ஷெஃபீல்டு யுனைடெட்டிடம் 3-0 என்று தோற்றது. உட்வர்ட் வாழ்க்கையில் எஃப்.ஏ. கப் இறுதி ஆடவே இல்லை. ஒரு சம்பளக்காரரின் இடத்தை எடுக்க மாட்டேன் என்று அவர் விட்டுக்கொடுத்தது அதைத்தான்.

கேள்வி: உட்வர்ட் ஆடியிருந்தால் செல்சி ஜெயித்திருக்குமா?

இப்படிக் கேட்பதே தாம்சனுக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி: அப்புறம் என்ன ஆனார்?

கால்பந்து ஆட்டக்காரர்களுக்கென்று தொடங்கிய மிடில்செக்ஸ் படைப்பிரிவுக்கு மாறி, பிரான்சுக்குப் போனார். 1916 ஜனவரியில் கையெறி குண்டு வெடித்து வலது காலில் காயம். முதல்தர ஆட்டம் அதோடு முடிந்தது. எஸ்ஸெக்ஸில் பால் பண்ணை வைத்தார். 1922 முதல் 1930 வரை செல்சி இயக்குநர். இரண்டாம் உலகப் போரில் விமானத் தாக்குதல் காவலராக இருந்தார். 1954 ஜனவரி 31 அன்று ஈலிங்கில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இறந்தார்.