பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியை மண்ணுக்கு இறக்குவது: கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் டூ ஸ்ட்ரோக் வேலை மட்டும் பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய யமஹா ஆர்.எக்ஸ்., சுசுகி ஷோகன், சாமுராய் வாங்கி, தேரி என்னும் செம்மணல் மேட்டிலும் செம்மண் தடத்திலும் ஓட்டும்படி மாற்றுவது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்திருக்கின்றன. என் வேலைக்குள் வருவதற்கு விரிவாகவும் மற்றதற்குச் சுருக்கமாகவும் பதில் சொல்கிறேன்.

வள்ளியூர்: அண்ணாச்சி, இறக்குமதி டர்ட் பைக் பழசு ஒண்ணு விலைக்கு வருது. அதை எடுக்கவா, ஆர்.எக்ஸ். 100 எடுத்து மாத்தவா?

யமஹா ஒய்.இசட்., கே.டி.எம். எஸ்.எக்ஸ். மாதிரி வண்டிகள் பந்தயத் தடத்துக்கென்றே செய்தவை. ஹெட்லைட், ஹாரன் எதுவும் கிடையாது. சாலைக்குப் பதிவு செய்யவும் முடியாது. உங்கள் வீட்டு வாசலிலிருந்து தோட்டம் வரைக்கும்கூட லோடு ஆட்டோவில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அந்த வண்டிகளில் பிஸ்டனைக் குறிப்பிட்ட மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், அதற்கான சாமான் நம் ஊர்க் கடையில் வாங்க முடியாது. சொந்த நிலமும் செலவழிக்க மிச்சப் பணமும் இருந்தால் எடுங்கள்.

மற்றவர்களுக்கு ஆர்.எக்ஸ். போதும். 98 சி.சி., 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவைச் சுற்றி. மணலில் விழுந்தாலும் ஒரே ஆள் தூக்கி நிறுத்தலாம். 1985-லிருந்து 1996 வரை வந்த வண்டி என்பதால் கடைசியாக வந்ததுகூடக் கிட்டத்தட்ட முப்பது வயதைத் தொட்டிருக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு பார்க்கப் போங்கள். ஆர்.எக்ஸ். 135 கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டுக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ.தான். போர் (சிலிண்டரின் உள் விட்டம்) மட்டும் 50-க்குப் பதில் 58 என்பதால் கீழ் வேகத்தில் இழுவை கூடும்.

சங்கரன்கோவில்: வண்டி பார்க்கப் போனா முதல்ல எதைப் பார்க்கணும்ணே?

பெயின்ட்டையும் குரோமையும் பார்க்காதீர்கள். விற்பவரிடம் முந்தின நாளே, "நான் வந்து பார்க்கிறவரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினில் கையை வையுங்கள். சூடாக இருந்தால், ஆறியபின் ஸ்டார்ட் ஆகாத வண்டியைச் சூடாக்கி வைத்திருக்கிறார் என்று சந்தேகப்படலாம்.

அடுத்தது கம்ப்ரஷன். கிக்கரைக் கையால் அழுத்திப் பாருங்கள், நன்றாக எதிர்த்துத் தள்ள வேண்டும். கம்ப்ரஷன் கேஜ் இருந்தால் பிளக்கைக் கழற்றி அங்கே மாட்டி, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டு கிக் அடியுங்கள். 100 பி.எஸ்.ஐ.க்குக் கீழே நின்றால் போர், பிஸ்டன், ரிங் வேலை இருக்கிறது. அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

இனி நான் எல்லாரிடமும் சொல்வது, இன்றைக்கும் பலமுறை சொல்லப்போவது: ஏர் லீக் பாருங்கள். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸே பம்ப் மாதிரி வேலை செய்கிறது. கார்புரேட்டர் வழியாக மட்டுமே காற்று உள்ளே வர வேண்டும். மேக்னட் பக்க ஆயில் சீல் காய்ந்து வெடித்தால் அந்த வழியாகவும் காற்று நுழையும். பெட்ரோல் விகிதம் குறையும், பெட்ரோலோடு வரும் ஆயிலும் குறையும், இன்ஜின் கொதித்துச் சீஸ் ஆகும், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிடும். அடையாளம் சுலபம்: முறுக்கி விட்டதும் ரேஸ் உடனே இறங்காது, மேலேயே தொங்கும். கிளட்ச் பக்க சீல் போனால் வேறு மாதிரி. கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சும், சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காது, கியர் ஆயில் அளவு இறங்கிக்கொண்டே வரும்.

கடைசியாக, மேக்னட் மூடியைக் கழற்றி, மேக்னட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கிராங்க் பேரிங் முடிந்துவிட்டது. ஃபிரேமில் ஹேண்டில்பார் கழுத்தைச் சுற்றி வெல்டிங் தெரிந்தால் எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வேண்டாம். மண்ணில் குதிக்கிற வண்டிக்கு அந்த இடம்தான் உயிர்.

ஆலங்குளம்: புக் தாத்தா பேர்ல இருக்கு. அவர் காலமாகிட்டார். பேரன் விக்கிறான். வாங்கலாமா?

இப்போதைக்கு வாங்க வேண்டாம். உரிமையாளர் இறந்தால் 30 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் வாரிசு தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். அதற்குப் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் வேண்டும். வீட்டில் நான்கு வாரிசு இருந்தால் நான்கு பேரும் சம்மதிக்க வேண்டும். முதலில் அவர்கள் பெயருக்கு மாறட்டும். அதன் பிறகு படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். 15 வருடம் முடிந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அது ஐந்து ஐந்து வருடமாகத்தான் நீளும். சேஸ் நம்பரை பேப்பரில் வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். நம்பர் இருக்கும் இடம் சுரண்டியதுபோல் இருந்தால் அப்படியே திரும்பிவிடுங்கள்.

தென்காசி: ஆர்.எக்ஸ். 100 இப்போ என்ன ரேட்?

நல்ல வண்டிக்கு லட்சத்துக்கு மேலும் கேட்கிறார்கள். மண்ணில் ஓட்ட அப்படிப்பட்ட வண்டி தேவையில்லை. பேப்பர் சுத்தமாக, ஃபிரேம் நேராக, இன்ஜின் பிரிக்க வேண்டிய நிலையில் இருப்பதை எடுங்கள். எப்படியும் பிரிக்கத்தான் போகிறோம்.

அம்பாசமுத்திரம்: சைலன்சர் உள்ளே இருக்கிற குழாயை எடுத்துட்டா பவர் கூடும்னு சொல்றாங்களே?

கூடாது. சத்தம் கூடுவதைப் பவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரும் இன்ஜினில் ஒரு பாகம். எக்ஸாஸ்ட் போர்ட் (சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் வாய்) திறந்ததும் ஒரு அழுத்த அலை குழாய்க்குள் ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி, சிலிண்டரிலிருந்து பழைய புகையை இழுத்து, புதிய கலவையையும் கூட்டி வருகிறது. குழாய் குறுகும் இடத்தில் மோதித் திரும்பும் அலையோ, வெளியே தப்பிய கலவையைப் போர்ட் மூடுவதற்குச் சற்று முன் மறுபடி உள்ளே தள்ளுகிறது. நீளமும் கோணமும் குறிப்பிட்ட ஆர்.பி.எம்.முக்கு என்று கணக்குப் போட்டவை. உள்ளே கை வைத்தால் அந்தக் கணக்கு கெடும், கீழ் இழுவை போகும், மணலில் வண்டி நின்றுவிடும்.

எக்ஸ்பான்ஷன் சேம்பர், அதாவது இந்த அலைக் கணக்குப்படி விரிந்து குறுகும் சைலன்சர், செய்து மாட்டலாம். எந்த ஆர்.பி.எம்.முக்குச் செய்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஓடைத் தடத்துக்கும் தேரிக்கும் நடு வேகத்தில் இழுக்கும் சேம்பர் வேண்டும், ரேஸ் டிராக் சேம்பர் உதவாது. மாட்டினால் ஜெட்டையும் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) மாற்றியாக வேண்டும். ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சாலையில் ஓட்டும்போது பழைய சைலன்சரே இருக்கட்டும்.

கோவில்பட்டி: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எவ்வளவு ஆயில் கலக்கணும்?

ஜாசோ எஃப்.டி. தரம் போட்ட நல்ல டூ-டி ஆயில் என்றால் லிட்டருக்கு 25 மில்லி. மணலில் ஓட்டும் நாளுக்கு 30.

மேலப்பாளையம்: 25 மில்லியா? நாங்க 60 ஊத்துறோம். ஆயில் கூடினா இன்ஜினுக்கு நல்லதுதானே?

இல்லை. 60 மில்லி ஊற்றினால் ஜெட் வழியாகப் போகும் அதே அளவில் ஆயில் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, பெட்ரோல் குறைகிறது. கலவை கெட்டியாவதால் ஜெட்டில் ஓட்டமும் குறைகிறது. காற்றுக்குப் பெட்ரோல் பற்றாமல் சூடு ஏறும். பாதுகாப்பு என்று நினைத்து ஊற்றியதே சீஸ் ஆவதற்குக் காரணமாகிவிடும். ரிங் பள்ளத்திலும் எக்ஸாஸ்ட் போர்ட்டிலும் கரி பிடிப்பது தனி.

மேலப்பாளையம்: எங்க வாப்பா அந்தக் காலத்துல ஸ்கூட்டருக்கு அப்படித்தான் ஊத்தினார். ஒண்ணும் ஆகலையே?

அவர் செய்தது அவர் காலத்து ஆயிலுக்குச் சரி. அன்றைய மினரல் ஆயிலுக்கு 20-க்கு 1, 25-க்கு 1 என்று கலக்கச் சொன்னார்கள், ஜெட்டும் அதற்கேற்றபடி இருந்தது. இன்றைய ஆயிலின் படலம் அதைவிட நன்றாகத் தாங்கும்.

தூத்துக்குடி: எங்க வள்ளத்து இன்ஜினுக்கு 20 மில்லிதான். நாள் முழுக்க ஓடுது. நீங்க சொல்ற 30-ஏ ஜாஸ்தி.

வள்ளத்து அவுட்போர்டைக் கடல் தண்ணீர் குளிர்விக்கிறது. ஒரே வேகத்தில் ஓடுகிறது. ஆர்.எக்ஸ். இன்ஜினைக் காற்று மட்டும்தான் குளிர்விக்கிறது. தேரியில் இரண்டாம் கியரில், முழு முறுக்கில், பத்து கிலோமீட்டர் வேகத்தில் போனால் அந்தக் காற்றும் இல்லை. இரண்டையும் ஒப்பிட முடியாது.

மேலப்பாளையம்: அப்போ ரேஸ்ல கூட ஊத்துறவங்க எல்லாம் முட்டாளா?

இல்லவே இல்லை. முழு முறுக்கில் நின்று ஓடும் இன்ஜினுக்கு 40 மில்லியும் அதற்கு மேலும் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள், அதில் தவறில்லை. அவர்கள் அந்தக் கலவைக்கு ஜெட் மாற்றி, பிளக் பார்த்து ட்யூன் பண்ணியபின் ஓட்டுகிறார்கள். ஜெட்டைத் தொடாமல் ஆயிலை மட்டும் கூட்டுவதைத்தான் கூடாது என்கிறேன். நீங்களே பாருங்கள்: மூன்றாம் கியரில் முழு முறுக்கில் கொஞ்ச தூரம் போய், கிளட்சைப் பிடித்து அதே நொடியில் சாவியை அணைத்து, பிளக்கைக் கழற்றுங்கள். காப்பிப்பொடி நிறம் என்றால் சரி. வெள்ளை என்றால் பெட்ரோல் பற்றவில்லை, மெயின் ஜெட்டை ஒரு படி கூட்டுங்கள். ஈரக் கருப்பு என்றால் குறையுங்கள். உங்கள் 60 மில்லி வண்டியில் இதைச் செய்துவிட்டு எழுதுங்கள், மேலே பேசுவோம்.

ஆயில் விகிதம் பற்றி இன்னும் பல கேள்விகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இதுதான் பதில்.

பேட்டை: ஆயில் பம்பைக் கழற்றிட்டுக் கலந்து ஊத்தலாமா?

மண்ணில் ஓட்டும் வண்டிக்கு அதுதான் நல்லது. குழாயில் காற்றுக் குமிழி வந்து ஆயில் நின்றுபோகும் பயம் இல்லை. கழற்றியபின் பம்ப் இருந்த ஓட்டையையும் இன்டேக்கில் ஆயில் வரும் வாயையும் சரியாக அடையுங்கள். அடைக்காவிட்டால் அதுவே ஏர் லீக்.

திசையன்விளை: தேரிக்கு வண்டியை எப்படி செட் பண்ணணும்?

தேரியின் செம்மணல் மாவாக இருக்கும், ஆடிக் காற்றில் எல்லா இடத்திலும் நுழையும். ஃபோம் ஏர் ஃபில்டர் போட்டு, ஃபில்டர் ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்டுங்கள். ஒவ்வொரு முறை ஓட்டி வந்ததும் கழுவுங்கள். ஃபில்டர் பெட்டி கார்புரேட்டரோடு சேரும் இடத்தில் கிரீஸ் தடவுங்கள். அந்த வழியாகப் போகும் மணல் ரிங்கையும் போரையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும்.

பின் ஸ்பிராக்கெட்டில் மூன்று நான்கு பல் கூட்டுங்கள், அல்லது முன்னால் ஒரு பல் குறையுங்கள், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கார்புரேட்டர் நீடிலின் (பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் ஊசி) கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாற்றினால் நீடில் உயர்ந்து நடு முறுக்கில் பெட்ரோல் கூடும். பட்டன் டயர் போடுங்கள். காற்றைக் குறைக்கலாம், ஆனால் ரிம் லாக் (டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்) இல்லாமல் 15 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனால் டயர் ரிம்மில் நழுவி டியூப் வாயைப் பிய்த்துவிடும்.

இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குதிரைமொழித் தேரி வனத்துறையின் காப்புக்காடு. அங்கே வண்டியை இறக்காதீர்கள். வல்லநாட்டில் வெளிமான் சரணாலயம் இருக்கிறது, அதன் பக்கமே போக வேண்டாம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தெரிந்தவர் நிலம் இருந்தால் கேட்டு, அனுமதி வாங்கி ஓட்டுங்கள். பனைக்குக் கீழே விடிலி (கருப்பட்டி காய்ச்சும் குடிசை) போட்டிருப்பவர்கள் மேல் புழுதி அடித்துக்கொண்டு போகாதீர்கள். அது அவர்கள் வேலை செய்யும் இடம்.

களக்காடு: ஏர் ஃபில்டரை எடுத்துட்டா பிக்கப் கூடுமா?

மேலே திசையன்விளைக்குச் சொன்னதைப் படியுங்கள். எடுக்காதீர்கள்.

நாங்குநேரி: ஃபில்டர் இல்லாம ஓட்டினா...

எடுக்காதீர்கள்.

ராதாபுரம்: பையனுக்குப் பன்னிரண்டு வயசு. பழக்கி விடலாம்னு பார்க்கேன்.

வேலி போட்ட சொந்தத் தோட்டத்துக்குள், ஹெல்மெட், பூட்ஸ், முழங்கால் கார்டு எல்லாம் போட்டு, நீங்கள் கூடவே நின்று பழக்குங்கள். அவன் கால் இரண்டும் தரையில் ஊன்றும் உயரம் உள்ள சின்ன வண்டி வேண்டும், ஆர்.எக்ஸ். வேண்டாம். சாலையில் பத்தடிகூட விடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவில் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் இருக்கிறது. பிள்ளைக்கு அடிபட்டால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை.

சுரண்டை: புல்லட்டை இதே மாதிரி மாத்த முடியுமா?

அது ஃபோர் ஸ்ட்ரோக். என் வேலை இல்லை. அந்த வேலை தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கடையநல்லூர்: புதுசா போர் போட்டு ஒரு வாரத்துல ரிங் உடைஞ்சிருச்சு. பிஸ்டன் டூப்ளிகேட்டா?

இருக்கலாம். ஆனால் முதலில் லேத்தில் போர் போட்டபின் போர்ட் விளிம்புகளைச் சாய்வாகத் தேய்த்தார்களா என்று பாருங்கள். விளிம்பு கூராக இருந்தால் ரிங் ஒவ்வொரு முறையும் அதில் இடித்து உடையும். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் இருக்கிறதா, ரிங் வாய் பிஸ்டன் பள்ளத்திலுள்ள சின்னப் பின்னில் (குச்சி) உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்த ஓவர்சைஸ் 0.25 மி.மீ.தான் கூடும், இன்னும் போர் போட இடம் இருக்கும். பிரிக்கும்போது இரண்டு கிராங்க் சீலையும் மாற்றிவிடுங்கள். ஏர் லீக் இருக்கும் இன்ஜினில் புதுப் பிஸ்டன் போட்டும் பலன் இல்லை.

விக்கிரமசிங்கபுரம்: மழைக்காலம் முழுக்க வண்டி நிக்கும். கலந்த பெட்ரோல் டேங்க்ல இருக்கலாமா?

வேண்டாம், இறக்கிவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். ஈரம் கூடினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்கின் அடியில் பிரிந்து நிற்கும். டூ-டி ஆயில் அந்தத் தண்ணீரில் கரையாது. டேங்கின் அடியிலிருந்துதானே குழாய் எடுக்கிறது? ஆயில் இல்லாத கலவை இன்ஜினுக்குள் போகும். கார்புரேட்டர் கிண்ணத்தையும் திறந்து காயவிடுங்கள்.

செங்கோட்டை: ஆரியங்காவு இறக்கத்துல முறுக்கை விட்டு கியர்லயே இறங்கினா வண்டி அடைக்குது. ஏன்?

முறுக்கை மூடினால் பெட்ரோல் போகாது, பெட்ரோலோடு சேர்ந்த ஆயிலும் போகாது. இன்ஜின் மட்டும் முழு வேகத்தில் வறண்டு சுற்றுகிறது. அடைப்பது, அதாவது சீஸ் ஆவது, அதனால்தான். பிரேக்கை வைத்து இறங்குங்கள். இடையிடையே கிளட்சைப் பிடித்து லேசாக ஒரு முறுக்கு முறுக்குங்கள், உள்ளே ஆயில் சேரும். அடைத்துக்கொண்டு பின் சக்கரம் இழுத்தால் உடனே கிளட்சைப் பிடியுங்கள், ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். ஆறியதும் கிக்கர் இறங்குகிறது என்று அப்படியே ஓட்டிவிடாதீர்கள். வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் போர்ட் வழியாகப் பிஸ்டன் பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். செங்குத்தாகக் கோடு கோடாகத் தேய்ந்திருந்தால் பிளாக்கைக் கழற்றியே ஆக வேண்டும்.