ஜெர்மன் ஒயின் எல்லாமே இனிக்கிறதா?

ஜெர்மனிக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது, வாங்கிய ரீஸ்லிங் வெள்ளை ஒயின் எல்லாம் சர்பத் மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ரீஸ்லிங் மேல் குற்றமில்லை, லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும். ‘ட்ரோக்கன்’ என்று போட்டிருந்தால் இனிப்பு தெரியாது. ‘ஹால்ப்ட்ரோக்கன்’, ‘ஃபைன்ஹெர்ப்’ என்றால் லேசாக இனிக்கும். எதுவுமே எழுதவில்லையா? ஆல்கஹால் அளவைப் பாருங்கள். 8, 9 சதவீதம்தான் என்றால் பழத்தின் சர்க்கரை முழுதும் நொதிக்காமல் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். 12-க்கு மேல் போனால் பெரும்பாலும் பயமில்லை.

நானும் ‘ஷ்பேட்லேஸ’ என்றாலே தித்திப்பு என்று ரொம்ப நாள் ஒதுக்கி வைத்திருந்தேன். அது திராட்சை எவ்வளவு பழுத்த பிறகு பறித்தார்கள் என்பதைத்தான் சொல்கிறதாம். ட்ரோக்கன் ஷ்பேட்லேஸவும் உண்டு, வாங்கிப் பாருங்கள்.

அப்புறம், சூப்பர்மார்க்கெட்டை விட்டுவிட்டு ஒரு சனிக்கிழமை ஒயின் திராட்சை விளையும் மோசல் பக்கமோ ஃபால்ஸ் பக்கமோ ரயில் ஏறுங்கள். வாசலில் துடைப்பமோ இலைக்கொத்தோ தொங்கினால், அந்த வீட்டுத் தோட்டத்து ஒயினை அங்கேயே ஊற்றித் தருகிறார்கள் என்று பொருள். ‘ஷ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட்’ என்பார்கள், பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கிளாஸ் காலியாகிவிடும். வருடத்தில் சில மாதம்தான் திறந்திருக்கும், விசாரித்துவிட்டுப் போங்கள்.