நுரையீரல் தழும்பு நோயாளிகளுக்கு நடக்கும்போது மட்டும் ஏன் ஆக்சிஜன் தேவைப்படுகிறது?

நுரையீரல் திசு தழும்பேறித் தடித்துப்போவதைத்தான் பல்மனரி ஃபைப்ரோசிஸ் என்கிறார்கள். ஆக்சிஜன் காற்றுப்பைகளின் சுவரைக் கடந்துதான் ரத்தத்தில் சேர வேண்டும். வேட்டித் துணியில் சட்டென வடியும் தண்ணீர் ஜமக்காளத்தில் மெதுவாகத்தானே கசியும், அதுபோல தடித்த சுவரை ஆக்சிஜன் மெதுவாகத்தான் கடக்கும். உட்கார்ந்திருக்கையில் ரத்தம் நிதானமாக ஓடுவதால் ஓரளவு சமாளித்துவிடும். நடந்தால் ரத்த ஓட்டம் வேகமாகும், ஆக்சிஜன் ஏற நேரம் போதாது. விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டரில் உட்கார்ந்திருக்கையில் 95 சதவீதம் காட்டியவருக்கு மாடிப்படி ஏறியதும் 85 ஆகலாம். ஆகவே உட்காரவைத்து மட்டும் அளந்துவிட்டு 'சரி, பரவாயில்லை' என்று விடக் கூடாது.

தோளில் மாட்டும் கான்சென்ட்ரேட்டர், சுற்றியுள்ள காற்றிலிருந்து நைட்ரஜனை நீக்கி, சுமார் 90 சதவீத ஆக்சிஜனை மூக்குக் குழாயில் தருகிறது. எவ்வளவு என்பதை நடக்கவைத்து அளந்துதான் டாக்டர் சொல்வார்.

'ஒருமுறை ஆக்சிஜன் வைத்தால் நுரையீரல் அதற்கே பழகிவிடும்' என்பது தவறு. தேவை கூடுவது நோய் முற்றுவதால்தான், ஆக்சிஜனால் அல்ல.