லாரியைத் தாண்டும்போது மோட்டார்ஹோம் பக்கவாட்டில் இழுக்கிறது

லாரியை முந்தும்போது உங்கள் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) பக்கவாட்டில் இழுப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். அப்படி இழுத்தால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துங்கள். லாரி இருக்கும் பக்கத்திலிருந்து காற்று வீசினால், அதை எதிர்த்து ஏற்கெனவே லேசாகத் திருப்பிப் பிடித்திருப்பீர்கள். லாரியின் மறைவுக்குள் போனதும் காற்று அற்றுவிடும், அந்தத் திருப்பல் உங்களை லாரியை நோக்கியே கொண்டுபோகும். லாரியின் முன்பகுதியைத் தாண்டியதும் காற்று மறுபடி அறையும். அந்த இரண்டாவது அடிதான் பலரையும் தடுமாற வைக்கிறது. காற்று நாளில் மணிக்கு 100 கி.மீ.-ல் போய் முந்துவதைவிட 80-ல் பின்னாலேயே போகலாம்.

லேசான காற்றிலும் ஸ்டீயரிங் இலகுவாக இருப்பதாகவும், பின்னால் ஸ்கூட்டர் ஏற்றியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் அந்த ஸ்கூட்டர் மேல்தான். இரு அச்சுகளுக்கு இடையே 4 மீட்டர், ஸ்கூட்டர் பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால், எடை 100 கிலோ என்றால் முன் அச்சில் 50 கிலோ குறையும், பின் அச்சில் 150 கிலோ கூடும். முன்பக்கம் எடை குறைவதால் ஸ்டீயரிங் இலகுவாகிவிடும்.

சரிபார்க்க:

1. பயணச் சுமை முழுவதோடும் எடைமேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக எடை போடுங்கள். வண்டியின் தகட்டில் உள்ள வரம்போடு ஒப்பிடுங்கள்.
2. அந்த எடைக்கு டயர் நிறுவனம் சொல்லும் காற்றழுத்தத்தை, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள்.
3. ஸ்கூட்டரை இறக்கிவிட்டு அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள்.

காற்றே இல்லாதபோதும் ஒரு பக்கம் இழுத்தால் இதெல்லாம் பொருந்தாது, வீல் அலைன்மென்ட்டையும் ஸ்டீயரிங் இணைப்புகளையும் மெக்கானிக் பார்க்க வேண்டும். உயர வாகனங்களுக்குக் காற்று எச்சரிக்கை போட்டிருக்கும் பாலத்தில் எந்தச் சரிசெய்தலும் உதவாது. பாலத்தில் ஏறாமல், அதற்கு முன்பே முகப்பைக் காற்றுக்கு நேராக வைத்து எங்காவது பாதுகாப்பாக நிறுத்திவிடுங்கள்.