தகடு இல்லாத டிராக்டரின் வயதைத் தரகரிடம் கேட்காதீர்கள்

கேள்வி: பழைய டிராக்டர் ஒன்றை வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். சிவப்பு பெயின்ட், வளைந்த பானெட், அதன் பக்கவாட்டில் '35எக்ஸ்' என்ற சின்னம். "மாஸி பெர்குசன் 35எக்ஸ், 1962ஆம் ஆண்டு வண்டி, எல்லாமே அசல்" என்கிறார் தரகர். ஆனால் மீட்டர் பலகையில் வண்டியின் தொடர் எண் பொறித்த தகடு இல்லை, அது இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள்தான் இருக்கின்றன. என்ஜினில் 'சி', 'இ' என்று தொடங்கி, நடுவில் 'யு' வந்து, 'டி' (D) என்று முடியும் நீண்ட எண் ஒன்று இருக்கிறது. இது எந்த மாடல், எந்த ஆண்டு? இரண்டு நாளில் முடிவு சொல்லச் சொல்கிறார்கள்.

பதில்: முதலில் அந்த இரண்டு நாள் கெடுவைத் தூக்கி எறியுங்கள். அத்தனை ஆண்டுகள் நின்ற இரும்பு இன்னும் இரண்டு வாரம் நிற்கும். கெடு வைப்பது நீங்கள் குனிந்து எண்ணைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

நீங்கள் பார்த்துவிட்டீர்கள், நல்லது. நீங்கள் அனுப்பிய எண்ணே பாதிப் பதிலைச் சொல்லிவிடுகிறது. அது பெர்கின்ஸ் நிறுவனத்தின் மூன்று சிலிண்டர் என்ஜின். 1974 முதல் அந்த நிறுவனம் தன் என்ஜின் எண்களை ஒரே முறையில் பொறிக்கிறது. முதல் இரண்டு எழுத்துகள் என்ஜின் குடும்பத்தையும், அடுத்து வரும் எண்கள் அதன் பாகப் பட்டியலையும், 'யு' என்ற எழுத்து பிரிட்டனில் செய்யப்பட்டது என்பதையும் குறிக்கும். அதன்பின் தொடர் எண். கடைசி எழுத்துதான் ஆண்டு: ஏ என்றால் 1974, பி 1975, சி 1976, டி 1977. ஆகவே உங்கள் தரகர் காட்டும் வண்டியில் இருக்கும் என்ஜின் 1977இல் செய்யப்பட்டது. எழுத்து வரிசை தீர்ந்து 1990களில் மறுபடி ஏயிலிருந்து தொடங்கியது உண்மைதான். அந்தச் சுற்றை வைத்துக் கணக்கிட்டாலும் என்ஜின் இன்னும் புதியதாகத்தான் ஆகும், 1962 பக்கம் வராது.

35 என்ற மாடலை இங்கிலாந்தில் 1964ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டு 135 மாடலுக்குப் போய்விட்டார்கள். எனவே "1962" என்பதும் "எல்லாமே அசல்" என்பதும் ஒரே வண்டிக்குப் பொருந்த வழியே இல்லை. ஒன்று, பழைய 35 உடலில் பிற்காலத்து என்ஜின் ஏறியிருக்கிறது. 135 மாடலிலும் இதே குடும்பத்து என்ஜின்தான் இருந்தது என்பதால் இந்த மாற்றம் சர்வசாதாரணம். இல்லையென்றால் வண்டியே பிற்காலத்தது.

அந்த இரண்டாவது வாய்ப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் ஏமாறுவது அங்கேதான். இங்கிலாந்தில் நிறுத்தப்பட்டதும் அந்த வடிவம் உலகத்திலிருந்து மறைந்துவிடவில்லை. யூகோஸ்லாவியாவில் ஐ.எம்.டி. நிறுவனம் உரிமம் பெற்று அதே அடிப்படையில் 533, 539 என்ற மாடல்களைப் பல ஆண்டுகள் தயாரித்தது. இந்தியாவில் டாஃபே நிறுவனத்தின் 1035 மாடலும் அந்தப் பரம்பரையில் வந்ததுதான். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் அதே உருவம், அதே மூன்று சிலிண்டர் சத்தம், பின்பக்கம் அதே ஹைட்ராலிக் கைகள். நல்ல உழைப்பாளி வண்டிகள், அவற்றைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அவற்றை அவற்றின் பெயரில், அவற்றின் வயதுக்கேற்ற விலையில் விற்றால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அவற்றின் பானெட்டைக் கழற்றிவிட்டு, வளைந்த பானெட்டும் எக்ஸ் சின்னமும் பொருத்தி, இருபது ஆண்டு கூடுதல் வயதும் 'அரிய பொருள்' என்ற பட்டமும் கொடுத்து விற்கிறார்களே, அது மோசடி. இதைக் கண்டுபிடிக்க வார்ப்பு இரும்பைப் பாருங்கள். பெயின்ட் மாறும், சின்னம் மாறும், தகடு மாறும், ஆனால் கியர்பாக்ஸ் கூட்டிலும் பின் அச்சுக் கூட்டிலும் வார்ப்பிலேயே பதிந்துவிட்ட தயாரிப்பாளர் குறி மாறாது. அந்த வார்ப்புகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக் குறியைத் தேடுங்கள். வேறு நிறுவனத்தின் எழுத்து தென்பட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. உங்கள் என்ஜினில் 'யு' இருப்பது பழைய உடலில் என்ஜின் மாற்றம் என்ற பக்கமே சற்றுச் சாய்கிறது. ஆனால் என்ஜினை வைத்து உடலுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. வார்ப்பைப் பார்க்காமல் விடாதீர்கள்.

நிறத்தை நம்பலாமா என்று கேட்பீர்கள். அசல் நிறம் தெரிந்தால் அது உண்மையிலேயே உதவும். 1956இல் வந்த முதல் 35கள் சாம்பல் நிறத் தகரப் பாகங்களும் தங்க நிற வார்ப்பும் கொண்டவை. 1957 இறுதியிலிருந்துதான் சிவப்பு வந்தது. ஆகவே பேட்டரிப் பெட்டிக்கு அடியிலோ மீட்டர் பலகையின் உட்புறத்திலோ சிவப்பு உரிந்த இடத்தில் சாம்பலோ தங்க நிறமோ எட்டிப் பார்த்தால் அந்தப் பாகம் மிகப் பழையது. வெளியே பளபளக்கும் சிவப்பு எதையும் சொல்லாது. புதிதாகப் பெயின்ட் அடித்த பழைய டிராக்டரைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் சொல்லியிருக்க வேண்டிய வரலாற்றை ஒரே நாளில் மூடிவிடுகிறார்கள்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் கொண்டுபோகும் இன்ஜெக்டர் குழாய்களை எண்ணிப் பாருங்கள் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். தொடக்க கால டீசல் 35களில் ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் என்ஜின் இருந்தது, 1959 இறுதியில் பெர்கின்ஸின் மூன்று சிலிண்டர் வந்தது. என்ஜின் மாறாத வண்டியில் இது நல்ல சோதனை. உங்கள் வண்டியில் பயனில்லை. 35எக்ஸ் வந்தது 1962 இறுதியில். அப்போதுதான் ஓட்டத்திலேயே வேகம் மாற்றும் மல்டி-பவர் வசதியும் வந்தது. அந்த நெம்புகோல் மீட்டர் பலகையில் இருந்தால், கியர்பாக்ஸ் 1962க்கு முந்தையதாக இருக்காது. இல்லை என்பதால் எக்ஸ் அல்ல என்று சொல்லிவிட முடியாது. அந்தச் சின்னத்துக்கோ ஒரு மதிப்பும் கிடையாது. சின்னங்கள் புதிதாகவே விற்பனைக்குக் கிடைக்கின்றன, இரண்டு திருகில் மாட்டிவிடலாம்.

தகடும் அப்படியே. தகடு இல்லை என்று நீங்கள் தயங்கினால், அடுத்த வாரம் தரகர் "தேடியதில் கிடைத்துவிட்டது" என்று ஒரு தகட்டோடு வருவார். எண் பொறிக்காத வெற்றுத் தகடுகளும் விலைக்கு வருகின்றன. அப்படி வந்தால் ரிவெட்டைப் பாருங்கள். பலகை முழுவதும் பழைய பெயின்ட் இருக்க, ரிவெட்டின் தலை மட்டும் புதிதாக மின்னினால் அந்தத் தகட்டின் பேச்சை எடுக்காதீர்கள். அதைவிட முக்கியமானது ஒன்று: என்ஜின் எண் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பைத் தேய்க்கும் கிரைண்டர் ஓடிய தடம் தெரிந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் விலகிவிடுங்கள். அது வயது பற்றிய சந்தேகம் அல்ல, திருட்டு பற்றிய சந்தேகம்.

வார்ப்பில் புடைத்து நிற்கும் பெரிய எண்களைப் படம் எடுத்து "இதுதான் சேசிஸ் எண், ஆண்டு சொல்லுங்கள்" என்று அனுப்புகிறவர்கள் ஏராளம். அது வார்ப்பு எண், அந்தப் பாகத்தின் அடையாளம். ஒரே எண் ஆயிரக்கணக்கான வண்டிகளில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது இரும்பில் குத்திப் பொறித்த எண். என்ஜின் பக்கவாட்டில், எரிபொருள் பம்ப் இருக்கும் பகுதியை ஒட்டி மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். கம்பி பிரஷை அழுத்தித் தேய்க்காதீர்கள், எழுத்து தேய்ந்துவிடும். துடைத்த இடத்தில் சுண்ணக்கட்டியைத் தடவி, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால் எழுத்துகள் எழும்பி வரும். டி என்று நீங்கள் படித்தது உண்மையில் பி அல்லது ஓவலான வேறு தடமா என்பதையும் அப்போது உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரும் டைனமோவும் லூகாஸ் என்றால், அவற்றின் உடலில் மாதமும் ஆண்டும் சிறிய எண்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அவையும் மாற்றக்கூடிய பாகங்கள்தான். ஆனால் இரண்டிலும் 1960களின் ஆண்டு ஒத்து வந்தால் உடல் பழையது என்ற வாதம் வலுப்பெறும்.

"பதிவுச் சான்றில் 1962 என்று இருக்கிறதே" என்று தரகர் காகிதத்தை நீட்டலாம். பதிவுச் சான்றில் பல சமயம் இருப்பது முதன்முதலாகப் பதிவான ஆண்டு, தயாரித்த ஆண்டு அல்ல. வயலை விட்டு வெளியே வராத டிராக்டர்கள் பல ஆண்டுகள் கழித்துப் பதிவானதும் உண்டு. என்ஜின் எண்ணைச் சேசிஸ் கட்டத்தில் எழுதிவிட்டு, அதையே தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்துவரும் அலுவலகங்களும் இருக்கின்றன. தகடு தொலைந்ததால்தானே கேட்கிறோம், "தகட்டு எண்ணைக் கொண்டு வாருங்கள், ஆண்டு சொல்கிறோம்" என்று அந்த அலுவலகங்கள் திருப்பி அனுப்பினால் ஒரு விவசாயி எங்கே போவான்? சான்றில் உள்ள என்ஜின் எண்ணும் இரும்பில் உள்ள எண்ணும் ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்போகிறதா என்பது ஒன்றை மட்டும் பாருங்கள். 1962 என்று சொல்லும் காகிதத்தில் இந்த 1977 என்ஜினின் எண் எப்படி, எந்தத் தேதியில் ஏறியது என்று கேளுங்கள். என்ஜின் மாற்றம் முறைப்படி பதிவாகியிருந்தால் காட்டட்டும்.

வாங்குவதென்று முடிவு செய்தால், "35 உடல், 1977 என்ஜின்" என்று விற்பவரிடமே எழுதி வாங்கி, வேலை செய்யும் டிராக்டருக்கான விலையை மட்டும் கொடுங்கள். பிறகு உதிரிப் பாகம் வாங்கும்போது "35எக்ஸ், 1962" என்று கடையில் சொல்லாதீர்கள். கேஸ்கட், பிஸ்டன், நாசில் ஆகியவற்றுக்கு என்ஜின் எண் முழுவதையும் கொடுங்கள். கிளட்சுக்கு மட்டும் கழற்றிய பழைய தட்டையே கையோடு எடுத்துச் செல்லுங்கள்.